மங்கு, காண்டா, பெரட்டு: தோட்டத்துப் பெரியவர்கள் பேசும் இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தவை?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பாட்டி ஒருவரின் பேச்சைக் கேள்வியில் கொடுத்திருக்கிறீர்கள்: "பெரட்டுக்கு நேரமாச்சு, காண்டாவ எடுத்தாச்சா? நேத்து மங்கக் கவுத்து வச்சியா?" இதில் எது தமிழ், எது மலாய் என்பது உங்கள் கேள்வி.

காண்டாவும் (சுமை தூக்கும் தோள்கம்பு) மங்கும் (கிண்ணம்) மலாய். பெரட்டு (காலையில் பேர் கூப்பிடும் வரிசை) ஆங்கிலம். மிச்சமெல்லாம் தமிழ்.

இதைப் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தச் சொல் இலங்கை மலையகத் தோட்டங்களிலும் புழங்குகிறதா என்று முதலில் பாருங்கள். கங்காணி (ஆள்களை மேய்ப்பவர்), துரை (தோட்ட நிர்வாகி), லயம் (வரிசை வீடு), பெரட்டு எல்லாம் அங்கேயும் உண்டு. ஆகவே இவை மலாயாக இருக்க வாய்ப்பு குறைவு. தமிழ் அல்லது தோட்ட முதலாளிகளின் ஆங்கிலம். மங்கு, காண்டா, கித்தா (ரப்பர்) இங்கத்துத் தோட்டங்களின் சொற்கள். அப்படியானால் மலாய் அகராதியைத் திறக்கலாம். மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசாவின் இணைய அகராதியே போதும், இலவசம்.

அகராதியில் தேடும்போது பலர் தடுக்கி விழுவது ஒலியில். மலாய்ச் சொல் அப்படியே நம் வாயில் நிற்பதில்லை. கடைசி மெய் உதிர்ந்துவிடும்: மங்கோக் மங்கு ஆனது, காண்டார் காண்டா ஆனது. கெத்தாஹ் என்பதன் கடைசி மூச்சொலி போய் கித்தா ஆனது. கிராமம் என்று பொருள்படும் கம்போங் மட்டும் வேறு வழியில் போய், தமிழ்ப் பெயர்ச்சொல் மாதிரி 'அம்' போட்டுக்கொண்டு கம்பம் ஆகிவிட்டது. கம்பத்து வீடு என்று வேற்றுமை உருபும் ஏற்கிறது. தேனி மாவட்டக் கம்பத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆக, தேடும்போது சொல்லின் வாலில் க், ங், ர், ஹ் என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள்.

பொருளும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மலாயில் மங்கோக் எந்தக் கிண்ணமும்தான், சோறு போட்டும் சாப்பிடலாம். தோட்டத்து மங்கு என்றால் பால்மரத்தில் மாட்டும் கிண்ணம். காண்டார் என்பது தோளில் கம்பு வைத்து இரு முனையிலும் சுமை தொங்கவிட்டுத் தூக்குவது. பினாங்கு தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் கறியையும் அப்படித் தூக்கி விற்றதால்தான் நாசி கண்டார் என்ற பெயரே. தோட்டத்தில் அதே கம்பில் பால் வாளிகள் தொங்கின. கெத்தாஹ்வோ ரப்பருக்கும் முந்தியது, எந்த மரத்துப் பிசினையும் குறிக்கும். 1877ல் கோலக்கங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டபோது, புது மரத்துக்குப் பழைய சொல்லே தயாராக இருந்தது. அந்த மரத்தின் பாலுக்கு உள்ள பெயர்களில் மட்டும் மலாய் நுழையவில்லை: மங்கிலேயே உறைந்தால் கட்டிப்பால், வெட்டிலும் பட்டையிலும் காய்ந்து ஒட்டினால் ஒட்டுப்பால்.

பெரட்டு, விடியுமுன் ஆபீஸ் முன்னால் ஆள்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, பால் வெட்டும் மர வரிசையான நிரையைப் பிரித்துக் கொடுப்பது. பட்டாளத்துப் பரேடுதான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த இருட்டு நேரம். 'ஆளைப் புரட்டி எடுப்பதால் பெரட்டு' என்றொரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, உண்மை இல்லை.

கிராணி கொஞ்சம் சிக்கல். மலாயில் கெரானி என்றால் குமாஸ்தா. ஆனால் அந்த மலாய்ச் சொல்லே இந்துஸ்தானியிலிருந்து போனது. நம் ஆள்கள் இதைக் கப்பலிலேயே கொண்டுவந்தார்களா, இங்கே வந்து கற்றார்களா என்று சண்டை போடுவது வீண். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தெளிவு: போர்த்துகீசிய மண்டதோர், மலாய் வழியாக. தீயணைப்பு வண்டியைப் பொம்பா என்கிறோமே, அதுவும் போர்த்துகீசியம்தான். அங்கே தண்ணீர் பம்புக்குப் பெயர்.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு. கெடாய், கப்பால், மோடால் மூன்றும் நம் கடை, கப்பல், முதல். எனக்குப் பிடித்தது கூட்டு. பத்துப் பேர் மாதம் நூறு வெள்ளி போட, முறை வைத்து ஒருவர் ஆயிரத்தை எடுத்துக்கொள்ளும் சீட்டு. முதலில் எடுத்தவர் தோட்டம் மாறிப் போய்விட்டால் கடைசி ஆள் கையில் ஒன்றுமில்லை. இதைத் தடுக்க வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'கூட்டு' என்றுதான் இருக்கிறது. தமிழ்ச் சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியது இந்தப் பெருமையோடு!

மேலே வெள்ளி என்றேனே, அது 1975ல் டாலர் அதிகாரப்பூர்வமாக ரிங்கிட் ஆன பிறகும் பேச்சில் போகவில்லை. பழைய வெள்ளி நாணயத்தின் நினைவு அது. ரிங்கிட் என்ற சொல்லும் அதே வகை நாணயத்தின் பல்பல்லான விளிம்பைக் குறித்ததுதான்.

பத்துமலையைப் பத்து மலைகள் என்று விளக்குபவர்களை நம்பாதீர்கள். மலாயில் பத்து என்றால் கல். மைல்கல்லுக்கும் அதே சொல். பத்து தீகா என்றால் மூன்றாவது மைல். நம்மவர்கள் அதற்குக் கட்டை என்றார்கள். "ஆறாங்கட்டையில எறங்கு" என்று பெரியவர் சொன்னால் பஸ்ஸில் மரக்கட்டையைத் தேட வேண்டாம்.

கடைசியாக, மலேசியப் பேச்சில் வாக்கியத்தின் வாலில் ஒட்டும் 'லா'வை எங்கே போடுவது என்று கேட்டிருந்தீர்கள். "சும்மா லா", "வா லா", "ஆமா லா" சரி. "எங்க போற லா?" என்றால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும், கேள்வியில் அது ஒட்டாது. பெரியவர்களிடம் பேசும்போதும் தவிர்த்துவிடுங்கள். தேநீர்க் கடையில் இது எதுவும் தேவைப்படாது. 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் போட்டுத் தித்திப்பாக வரும். பாலும் சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. ஓ என்பது ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு, கோசோங் என்பது மலாயில் காலி. சீனி கொஞ்சம் இருக்கலாம் என்றால் 'தே ஓ, குராங் மானிஸ்' என்று கேளுங்கள்.