இணைய முகவரியில் வரும் ‘எச்டிடிபிஎஸ்’ எதற்கு?

முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபி என்று மட்டும் இருந்தால் நீங்கள் அனுப்புவது அஞ்சலட்டை மாதிரி, வழியில் கைமாறும் யாரும் படித்துவிடலாம். கடைசியில் ஓர் எஸ் சேர்ந்தால் அது ஒட்டிய உறை. பேருந்து நிலைய வைஃபையில் நீங்கள் தட்டும் கடவுச்சொல், உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டப்பட்டுப் போகிறது; நடுவில் பிடித்தாலும் ஒன்றும் புரியாது. உறைமேல் எழுதிய முகவரி, அதாவது எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது, பெரும்பாலும் வெளியே தெரியும்தான்.

அப்புறம், இந்த எஸ் உள்ள முகவரிக்குப் பக்கத்தில் உலாவி காட்டும் பூட்டுப் படம் இருந்தாலே நல்ல தளம் என்று பலர் நம்புகிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள்: லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகின்றன, மோசடிக்காரரும் வாங்கலாம், இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-ல் அந்தப் படத்தையே மாற்றியது.