கிளினிக்கில் பொருந்திய கேப் வீட்டில் வெளுத்துத் தெரிவது ஏன்?

மேல் நடுப்பல் ஒன்றுக்குச் செராமிக் கேப் போட்டுக்கொண்டதாகவும், கிளினிக்கில் கண்ணாடி பார்த்தபோது பக்கத்துப் பல்லோடு ஒத்திருந்த நிறம் மறுநாள் வீட்டில் வெளுத்துத் தனியாகத் தெரிந்ததாகவும் எழுதி, நாங்கள் பல் நிறத்தை எப்படித்தான் பார்க்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல் மருத்துவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

தொழில் தொடங்கிய புதிதில், ஓர் ஆசிரியைக்கு நடுப்பல்லைக் கேப்புக்காகச் செதுக்கி, அளவெடுத்து, எல்லாம் முடிந்த பிறகு, இரவு ஏழு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் ஷேடு எடுத்தேன், அதாவது பக்கத்துப் பற்களின் நிறத்தை மாதிரிகளோடு ஒப்பிட்டுக் குறித்தேன். லேபிலிருந்து வந்த கேப் நான் எழுதிக் கொடுத்த நிறத்திலேயே இருந்தது. அவருடைய பற்கள்தாம் அந்த நிறத்தில் இல்லை. வாயைத் திறந்து வைத்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் பக்கத்துப் பற்கள் உலர்ந்திருந்தன. எனாமலுக்குள் இருக்கும் ஈரம் வற்றினால் ஒளி உள்ளே போகாமல் சிதறித் திரும்புவதால், பல் உண்மையில் இருப்பதைவிட வெண்மையாகத் தெரியும். சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும் இந்த மாற்றம் முழுமையாகச் சரியாக ஒரு நாள்கூட ஆகலாம். உங்களுக்கும் பெரும்பாலும் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்: கிளினிக்கில் உலர்ந்த பல்லோடு ஒத்துப்போன கேப், பல் ஈரம் ஏறித் தன் நிறத்துக்குத் திரும்பியதும் வெளுத்து நிற்கிறது. அன்றிலிருந்து மரத்துப்போகும் ஊசிக்கும் முன்பே, முதல் வேலையாக ஷேடு எடுத்துவிடுகிறேன்.

ஷேடு எடுப்பதற்கு ஜெர்மனியின் வீட்டா நிறுவனத்தின் 16 மாதிரிப் பற்கள் கொண்ட ஷேடு கைடைத்தான் பலரும் பயன்படுத்துகிறோம். அதில் ஏ என்பது செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல் சாயல்; எழுத்தோடு வரும் எண் அந்தச் சாயலின் அடர்த்தியைக் குறிக்கும். மஞ்சளா சிவப்பா என்ற சாயலைவிட, பல் எவ்வளவு வெளிச்சமாக அல்லது மங்கலாக இருக்கிறது என்பதே முக்கியம். சாயலில் சிறிது பிசகினால் யாரும் கவனிப்பதில்லை, வெளிச்ச அளவில் பிசகினால் எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே மாதிரிகளை எழுத்து வரிசையில் வைக்காமல், பி1-இல் தொடங்கி சி4-இல் முடியும் வெளிச்ச வரிசையில் அடுக்கி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்ப்பேன். ஐந்தாறு விநாடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் பழகி ஏமாற்றிவிடும். இடையிடையே சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக்கொள்வது நல்லது. நீல அட்டையைப் பார்க்கச் சொல்லும் பழைய வழக்கம் கண்ணில் மஞ்சள் பக்கமான பின்பிம்பத்தை உண்டாக்குவதால் அதை நான் கைவிட்டுவிட்டேன். நோயாளியின் லிப்ஸ்டிக்கையும் துடைக்கச் சொல்லிவிடுவேன்.

விளக்கும் காரணமாக இருக்கலாம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பொருள்கள் வேறு வெளிச்சத்தில் பிரிந்து தெரிவதுண்டு. செராமிக்கும் பல்லும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் வேறு என்பதால் ஜன்னல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் இரண்டு முறை பார்ப்பது அவசியம். மாதிரியைப் பல்லின் நுனியோடு நுனி சேர்த்துப் பிடித்து, அதன் எண் தெரியும்படி எடுத்த புகைப்படம், எழுதிக் கொடுக்கும் 'ஏ2' என்ற இரண்டு எழுத்துகளைவிட லேப் டெக்னீஷியனுக்கு அதிகம் உதவும். ஈறோரம் மஞ்சள் அடர்ந்தும் நுனியில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவியும் இருக்கும் ஒரு பல்லுக்கு ஒரே எண் எப்படிப் போதும்?

நீங்கள் காலையில் பல் துலக்கியதும், வாய் ஈரமாக இருக்கும்போதே, வாசல் வெளிச்சத்தில் ஒருமுறையும் வீட்டு விளக்கில் ஒருமுறையும் பாருங்கள். இரண்டிலும் வெளுத்தே தெரிந்தால் ஷேடு தவறியிருக்கிறது; ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது வெளிச்சத்தின் வேலை. தற்காலிக சிமென்டில் ஒட்டியிருந்தால் கழற்றி லேபுக்கு அனுப்பலாம். நிரந்தரமாக ஒட்டியிருந்தால், வாயில் இருக்கும்போதே செராமிக் மேல் வெளியே பூசி நிலையாகச் சரிசெய்ய முடியாததால், வெட்டி எடுத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அப்போது ஷேடை முதலிலேயே எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.