பள்ளிக்கூடப் பிள்ளைகளை உடற்பயிற்சி பக்கம் எப்படிக் கொண்டுவருவது?

15 வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் போனோடு கட்டிலில் சாய்ந்துவிடுகிறான், ஜிம்முக்குப் பணம் கட்டியும் 2 வாரத்தில் நின்றுவிட்டான் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை பக்கம். 6 வருடமாகச் சாயங்காலம் எங்கள் ஊர் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

"உடம்புக்கு நல்லது" என்று சொன்னதைக் கேட்டு இதுவரை ஒரு பிள்ளையும் வந்ததில்லை. கூட்டாளி வந்தால் வருவார்கள். எங்கள் கடலோர ஊர்களான தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை பக்கம் போய்ப் பாருங்கள், அங்கே எந்த அப்பாவும் மகனைக் கால்பந்து விளையாடப் போ என்று விரட்ட வேண்டியதில்லை, அண்ணன் ஆடுவதைப் பார்த்துத் தம்பி இறங்குகிறான், அப்படி ஆடித்தான் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துப் போட்டி வரை போனார்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு நாள் வேண்டும். எங்கள் பையன்களுக்கு அது மகாசிவராத்திரி. முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவாலயங்கள், கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று 100 கிலோமீட்டருக்கு மேல் போகிற சிவாலய ஓட்டம். "மாமா, இந்த வருஷம் நாங்களும் ஓடணும்" என்று 4 பேர் வந்து நின்றார்கள். முதல் வாரமே தார் ரோட்டில் நிறைய தூரம் ஓடவிட்டேன், ரெண்டு பேருக்கு முழங்காலுக்குக் கீழே வலி பிடித்துக்கொண்டது. அது என் தப்பு. அப்புறம் மண்தரையில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று 3 மாதம் பைய ஏற்றினோம். சர்ச் பிள்ளைகளும் சேர்ந்தே பழகினார்கள், அவர்களுக்குப் பொங்கல் விளையாட்டுப் போட்டிதான் கணக்கு.

பெண் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் போதுமான அளவு உடலை அசைக்காதவர்கள் பையன்களில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். எங்கள் மைதானத்திலேயே காரணம் தெரிந்தது. பையன்களின் கிரிக்கெட் முழு இடத்தையும் எடுத்துக்கொள்ள, பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். செவ்வாயும் வியாழனும் 5 மணி முதல் 6 மணி வரை பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். முதலில் வந்தது அம்மாக்கள், நடப்பதற்கு. மகள்கள் கூடவே வந்தார்கள், இப்போது அவர்களுக்குள் ஒரு கபடி அணி இருக்கிறது, மழை பெய்தாலும் கலைய மாட்டார்கள்!

டியூஷன் இருக்கிறதே என்பீர்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்கிறார்கள், ஆனால் அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. ரோடு பயமில்லை என்றால் வேனை நிறுத்திவிட்டு சைக்கிளில் அனுப்புங்கள், போக வர 20 நிமிடம் என்றாலும் அதுவும் கணக்கில் சேரும்.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். எடை, தொப்பை என்ற பேச்சையே எடுக்காதீர்கள். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு அவனையும் அவன் கூட்டாளிகள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பொற்றையடிக்குப் போய் மருந்துவாழ்மலை ஏறுங்கள், நீங்களும் ஏற வேண்டும். இறங்கியதும் மூன்று பேருக்கும் வயிறு நிறைய இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு எங்கே போகலாம் என்று அவனிடமே கேளுங்கள்.