ட்ரஸ்டுங்க காசு நிஜமாவே மக்களுக்குப் போய்ச் சேருதா?

புயல் நிவாரணம், படிப்பு, பெண்கள் தொழில்னு ட்ரஸ்டுங்க நிஜமா என்னதான் பண்ணுதுன்னு கேட்டிருக்கீங்க. பங்களாதேஷ்ல இருக்குற பிராக் (BRAC)ங்குற தொண்டு நிறுவனத்த பாருங்க. பங்களாதேஷ் விடுதலைப் போர் முடிஞ்சு ஊர் திரும்புன அகதிகளுக்கு உதவ 1972ல ஃபஸ்லே ஹசன் அபெத் ஆரம்பிச்சது, அதுக்காக லண்டன்ல இருந்த தன் ஃபிளாட்டையே வித்தாரு மனுஷன். நிவாரணம் மட்டும் பத்தாதுன்னு புரிஞ்சதும் பெண்களுக்கு சின்னக் கடன், அவங்க நெய்த துணிய விக்க ஆரோங் கடை, அப்புறம் ஒரே ரூம் ஒரே டீச்சர் ஸ்கூலு. எனக்குப் புடிச்சது 1980ல ஆரம்பிச்ச வயித்துப்போக்குக்கு வீட்டுலயே மருந்து கரைக்கச் சொல்லிக்குடுக்குற வேலைதான்: வீடு வீடா போயி ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணின்னு அம்மாக்களுக்கு கரைக்கக் கத்துக்குடுத்தாங்க, பின்னாடியே வேற ஆள் போயி செக் பண்ணுவாங்க, அந்தம்மா எவ்ளோ ஞாபகம் வச்சிருக்காங்களோ அதுக்கேத்த மாதிரிதான் சொல்லிக்குடுத்தவங்களுக்குச் சம்பளம். கில்லாடி ஐடியால்ல?