படுவான்கரையில் ஒரு மாளிகை: வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

‘அழகியும் மிருகமும்’ என்ற தேவதைக் கதையை வைத்து எழுதின ஆங்கில இளையோர் நாவல் ஒன்றைப் போன கிழமை படித்து முடித்தேன். வியாபாரியின் மகள், வயது பதினேழு. தகப்பன் பட்ட கடனுக்காக, சாபத்தால் மிருகமாகிப் போன இளவரசனின் மாளிகைக்குப் போகிறாள். அவனுக்கு முந்நூறு வயது. ரோசாப்பூ, பூட்டின அறை, பேசும் கண்ணாடி எல்லாம் உண்டு. முதல் நூற்றைம்பது பக்கம் வரைக்கும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பிறகு ஒரு நடன இரவு வந்தது, அதோடு அவளுக்குக் காதலும் வந்துவிட்டது. அங்கிருந்து எனக்கு ஒட்டவேயில்லை. அடைத்து வைத்தவனை அவள் ஏன் விரும்ப வேண்டும் என்பதற்கு, அவன் பாவம், தனிமையில் இருந்தான் என்பதுதான் ஒரே பதில். உயர்தரம் படிக்கிற என் தங்கச்சிக்கோ அந்த நடன இரவுதான் மிகவும் பிடித்தது.

இந்தக் கதை எந்த இடத்தில் உடைந்தது? இப்படி ஒன்றை மட்டக்களப்பில் வைத்து எழுதலாமா? எழுதத் தொடங்கினேன். மாளிகை என்று எழுதின உடனே எல்லாம் பொய்யாகத் தெரிந்தது.

ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் தங்கச்சி பக்கமும் நியாயம் இருக்கிறது. நடன இரவு நன்றாகவே இருந்திருக்கும். அதற்கு முன்னால் நடக்க வேண்டியவை நடக்காமல் போனதால்தான் உங்களுக்கு ஒட்டவில்லை.

அந்த மூலத் தேவதைக் கதையைப் பிரான்சில் வில்னெவ் அம்மையார் 1740 இல் நெடுங்கதையாக எழுதினார். 1756 இல் பொமோன் அம்மையார் அதைச் சிறுமிகளுக்காகச் சுருக்கினார். உலகம் அறிந்தது இந்தச் சுருக்கத்தைத்தான். அதில் மிருகம் முதல் இரவே, நீ சாப்பிடும்போது நான் பார்த்துக்கொண்டு இருக்கலாமா என்று அனுமதி கேட்கிறது. எசமான் நீங்கள்தானே என்கிறாள் அவள். இல்லை, இங்கே எசமாட்டி நீதான், நான் தொந்தரவு என்றால் சொல், போய்விடுகிறேன் என்கிறது. பிறகு மூன்று மாதம், ஒவ்வொரு இரவும், என்னைக் கட்டிக்கொள்வாயா என்ற ஒரே கேள்வி. அவள் மறுக்கிறாள், அது பெருமூச்சோடு எழும்பிப் போகிறது. ஏறக்குறைய தொண்ணூறு மறுப்பு! எல்லா அதிகாரமும் கையில் உள்ள ஒருவன் தொண்ணூறு தடவை ‘மாட்டேன்’ என்பதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போவதால்தான் அவள் மனம் மாறுவதை நாம் நம்புகிறோம். நீங்கள் படித்த நாவலில் ரோசாப்பூ தப்பியிருக்கிறது, கேள்வி தொலைந்திருக்கிறது. ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தால் சலிக்கும் என்று பயந்து பலர் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

சலிக்காமல் எழுத வழி உண்டு. நாலு மறுப்பை மட்டும் முழுக் காட்சியாக எழுதுங்கள், மற்றவை ஒரு வரியில் போகட்டும். முதலாவது பயத்தால், இரண்டாவது கோபத்தால். மூன்றாவதில் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது, அந்த இரக்கத்திலேயே ஓம் சொல்லிவிடப் பார்க்கிறாள், சொல்லாமல் நிறுத்துகிறாள். மிகக் கவனமாக எழுத வேண்டியது இதுதான். நாலாவதில் விருப்பம் இருந்தும் வீட்டை நினைத்து மறுக்கிறாள். ஒவ்வொரு மறுப்பிலும் அவன் எதையாவது இழக்க வேண்டும், ஒரு விரல் மிருக நகமாக மாறுவதுபோல. அந்த இழப்பை அவனே அவளுக்குக் காட்டினால் அது மிரட்டல். காட்டாமல் மறைக்கட்டும், அவள் பிந்தி, வேறொருவர் வாயால் அறியட்டும்.

முந்நூறு வயதை விட்டுவிடுங்கள். அவனுடைய உடலோடு மனமும் பத்தொன்பதில் நின்றதாக வையுங்கள். இலங்கையின் பொதுத் திருமணச் சட்டப்படி கலியாண வயது 18. பதினேழு வயதுப் பிள்ளையிடம் இரவிரவாகக் கலியாணம் கேட்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத வேண்டாம். ‘உன்னோடு இருந்து ஒருவாய் சாப்பிடலாமா’ என்ற கேள்வி போதும். நம்முடைய ஊரில் சேர்ந்து சோறு தின்பதற்கு உள்ள கனம் அந்தக் கேள்வியைத் தாங்கும்.

இனி மட்டக்களப்பு. மாளிகை பொய்யாகத் தெரிந்ததற்குக் காரணம் கல்லும் கோபுரமும் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதையின் பயம் முழுவதும், பெண் பிறந்த வீட்டை விட்டுத் தனியே அந்நியன் வீட்டுக்குப் போவதில் இருக்கிறது. நம்மிடம் வீடு சீதனமாகப் பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். சுற்றிவரப் பெரியம்மா, சின்னம்மா, அம்மம்மா வளவுகள். கதையை அப்படியே தூக்கி இங்கே வைத்தால், அவளைத் தனியே அனுப்ப இத்தனை பெண்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே வாசகர் கேட்பார்.

அதனால் கதையை இரண்டாக மடியுங்கள். முதல் பாதியில் அவள் வாவியைக் கடந்து, கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகிறாள். இரண்டாம் பாதியில் அவன் இந்தக் கரைக்கு வந்து அவளுடைய தாயின் வாசலில் நிற்க வேண்டும். ஐரோப்பியக் கதையில் இல்லாத பயம் இது, அவனுடைய பயம்.

கடப்பதற்குப் பாதை இருக்கிறது, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம். உங்களுக்குப் பக்கத்திலேயே குருமண்வெளித் துறையில் இருந்து மண்டூருக்குப் பாதை போவதைப் பார்த்திருப்பீர்கள். 2014 இல் பாலம் திறக்கும்வரை மண்முனையிலும் பாதைதான். கடைசிப் பாதை போனபிறகு அந்தக் கரையில் நிற்பவர் அங்கேதான் தங்க வேண்டும் என்ற ஒன்றே பூட்டின கதவின் வேலையைச் செய்யும். மாளிகைக்குப் பதில் ஆள் இல்லாமல் பாழடைந்த ஒரு போடியார் வளவு, பெரிய வயற்காரரின் வீடும் காணியும். கார்த்திகை மழையில் அகப்பட்ட தகப்பன் அங்கே ஒதுங்குகிறார், ஆரோ வைத்த சுடுசோற்றைச் சாப்பிடுகிறார், விடியக் கிளம்பும்போது ஒரு கொத்து வேப்பம்பூ பறிக்கிறார். சித்திரையை ஒட்டிப் பூக்கிற வேம்பு கார்த்திகையில் பூத்து நிற்பதால் அது சாதாரண வளவு இல்லை என்று சொல்லாமலே தெரியும். அம்மம்மாவின் பத்தியத்துக்கு என்று மகள் கேட்டதாக வைத்தால், பொமோனின் கதையில் மகள் கேட்டுத் தகப்பன் பறித்த ரோசாப்பூவைப் போலவே ஆசை சிறிது, விலை பெரிது.

மிருகத்தின் உருவத்தில் கவனம். வில்னெவின் மிருகத்துக்கு யானையைப் போலத் தும்பிக்கையும், நடக்கையில் சத்தமிடும் செதில்களும் உண்டு. பாரிசில் அது கற்பனை. படுவான்கரையில் யானை வேளாண்மையை அழிக்கிறது, ஆளையும் கொல்கிறது. அந்த உருவத்தை எடுத்தால், யானையால் ஒருவரை இழந்த வீட்டுப் பிள்ளையும் இதைப் படிக்கும் என்று நினைத்து எழுதுங்கள். எடுக்காமல் விடுவதே என் விருப்பம்.

காலக்கெடுவுக்கு உதிரும் இதழ்கள் வேண்டாம், வைகாசிச் சடங்கு இருக்கிறது. பல ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில் கதவு ஆண்டுக்கு ஒருமுறை அப்போதுதான் திறக்கும், அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கோடு முடியும். கார்த்திகை தொடக்கம் வைகாசி வரை மாரிவெள்ளம், மாசி பங்குனி அறுவடை என்று கதைக்கு வேண்டிய பருவமெல்லாம் தானாக அமைகிறது. ஆனால் சாபம் போட்டது அம்மன் என்று மட்டும் எழுதாதீர்கள். வில்னெவின் தேவதைகளை அவருடைய வாசகர் ஆரும் கும்பிடவில்லை, அம்மனை உங்கள் வாசகர் கும்பிடுகிறார். நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மனின் சக்தியைக் கதைக்கருவியாக்க வேண்டாம்.

சாபம் எதுவென்றால், அவன் தன் தாயின் பெயரை மறந்திருக்க வேண்டும் என்பேன். நம்மிடம் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழி. தாயை மறந்தவனுக்குக் குடி இல்லை, குடி தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், ஏனெனில் ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. இரண்டாம் பாதியில் அவளுக்கு வேலையும் கிடைக்கிறது. கோயில் திருவிழாக்களைக் குடிகள் முறைவைத்துச் செய்கிற ஊரில், செய்ய ஆளில்லாமல் விட்டுப்போன ஒரு நாளை அவள் தேடிப்பிடிக்கலாம், அந்த நாளுக்குரிய குடிதான் அவன் மறந்த குடி. கிழவிகளிடம் கேட்டுக் கேட்டு அவள் அலைவதுதான் நாவலின் நல்ல பகுதியாக இருக்கும்.

இதில் ஒரு குழி உண்டு. வில்னெவின் கதையில் வியாபாரி மகளை ஏற்க இளவரசனின் தாய் மறுக்க, கடைசியில் அவள் ஒரு அரசனுக்கும் தேவதைக்கும் பிறந்தவள் என்று வெளிப்படுகிறது. பொமோன் அதை வெட்டியது சரி. உங்கள் கதையிலும் அவன் பெரிய குடி, பெரிய போடியார் பரம்பரை என்று முடித்தால், அதுவரை அவள் பட்டதெல்லாம் குலப்பெருமைக்கு ஆகிவிடும். விட்டுப்போன அந்த நாள், சடங்கில் மிகச் சிறிய பங்குள்ள குடியுடையதாக இருக்கட்டும், அவளுடைய தாய் அதை அறிந்தே சம்மதிக்கட்டும். மாற்றம் அதன் பிறகு வரலாம்.

அளவு சொல்வதென்றால், தமிழில் நாற்பதாயிரம் சொல் போதும். நாலாயிரத்துக்குள் அவள் பாதையில் ஏறிவிட வேண்டும், இருபதாயிரத்தில் வீடு திரும்ப வேண்டும். சாபம் வந்த கதையை உருமாற்றத்துக்குப் பிறகு விளக்க உட்காராதீர்கள். வில்னெவ் அப்படி உட்கார்ந்து நீளமாக எழுதியதால் அவருடைய பின்பகுதி இழுபடுகிறது. அதை இருபத்தைந்தாயிரத்துக்கு முன்னால் அம்மம்மா வாயால் சொல்லி முடியுங்கள். எழுதத் தொடங்கும்போது மாளிகையில் தொடங்காமல் மூன்றாவது மறுப்பை முதலில் எழுதிப் பாருங்கள். அந்தக் காட்சி நின்றால் மற்றவற்றை அதைச் சுற்றி எழுதலாம், நிற்காவிட்டால் அவன் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள்.

அன்புடன்,
அக்கா