ஜூலையில் கோல்ஃப்: டர்பன் பக்கமா, மொரீஷியஸா?

கேள்வி: வணக்கம் அண்ணா. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் நான்கு நண்பர்கள் நாங்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சனிக்கிழமை தவறாமல் கோல்ஃப் ஆடுவோம். ஆனால் ஜூன் வந்துவிட்டால் ஃபேர்வே (பந்தடிக்கும் புல்வெளி) எல்லாம் வைக்கோல் நிறமாகிவிடுகிறது, காலையில் உறைபனி கரையும் வரை கையைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இந்த ஜூலையில் ஒரு வாரம் வெயில் அடிக்கும் இடத்துக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு பேர் மொரீஷியஸ் என்கிறார்கள், இரண்டு பேர் டர்பன் பக்கமே போதும் என்கிறார்கள். மனைவிமார் வரவில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவர் ஆடி பிறந்தால் சைவம்தான் சாப்பிடுவார். தினமும் ஆட வேண்டும், அதுதான் ஆசை. எங்கே போகலாம்?

– ஒரு வாசகர், லெனேசியா

பதில்: தம்பி, இந்த முறை டர்பன் பக்கம் வாருங்கள். நான் இந்த ஊர்க்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. "தினமும் ஆட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

மொரீஷியஸ் குளிர்காலத்தில் குளிராது, அது உண்மை. ஜூலையில் கடற்கரைப் பக்கம் பகலில் 24, 25 டிகிரி இருக்கும், மழையும் குறைவு, புயல் காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஆனால் தென்கிழக்குக் காற்று பலமாக வீசுவது சரியாக அந்த ஜூலை, ஆகஸ்டில்தான். விளம்பரப் படங்களில் அது தெரியாது. நீங்கள் ஆசைப்படும் பெரிய மைதானங்களில் பாதி, அந்தக் காற்று நேராக வந்து மோதும் கிழக்குக் கரையில் இருக்கின்றன: பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்த இல் ஓ செர்ஃப், எர்னி எல்ஸ் வடிவமைத்த அனாஹிதா, அப்புறம் பெல் மார். இல் ஓ செர்ஃப் தனித் தீவு, படகில்தான் போக வேண்டும். சுற்றிலும் உப்பங்கழியும் அலையாத்தி மரங்களும், ஃபேர்வேயோ குறுகல். அந்தக் காற்றில் பந்து கொஞ்சம் விலகினாலும் தண்ணீருக்குள்தான். ஒரு நாள் அப்படி ஆடினால் அனுபவம், ஒரு வாரம் ஆடினால் பையில் பந்தே காலி, மனசும் சோர்ந்துவிடும்.

மொரீஷியஸ்தான் வேண்டும் என்று அந்த இரண்டு நண்பர்களும் ஒற்றைக்காலில் நின்றால், மேற்குக் கரையில் தமரினா, வடக்கே மோன் ஷுவாசி என்று காற்று மறைவான பக்கமாகத் தங்குங்கள். தெற்கே பெல் ஓம்ப்ரில் உள்ள ஹெரிட்டேஜ் மைதானம் நம் நாட்டு பீட்டர் மாட்கோவிச் வடிவமைத்தது, ரொம்ப நல்ல மைதானம். சில விடுதிகளில் தங்குகிறவர்களுக்கு கிரீன் ஃபீ, அதாவது ஆட்டக் கட்டணம், அறை வாடகையிலேயே சேர்ந்திருக்கும், சிலவற்றில் கார்ட் வண்டி கட்டாயம், அதற்குத் தனியாகப் பணம். இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் முன்பணம் கட்டாதீர்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தேவையில்லை, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நான்கு மணி நேர விமானம்தான். கோல்ஃப் பைக்கு விமானத்தில் என்ன கட்டணம் என்பதை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். டர்பனில் ஜூலை மதியம் 23 டிகிரி வரை போகும், உறைபனி என்ற பேச்சே இல்லை, மழைக்காலம் கோடையில்தான், அதனால் குளிர்காலம் பெரும்பாலும் தெளிந்த வானம். இடையிடையே மலைப் பக்கமிருந்து வெப்பக்காற்று ஒன்று அடிக்கும். அன்றைக்கு ஜூலையா டிசம்பரா என்றே தெரியாத அளவுக்குச் சூடேறும், பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பி ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் தூறலைக் கொண்டுவரும். அது வந்தால் அன்றைக்கு ஓய்வு எடுத்துக்கொண்டு மறுநாள் வேறு மைதானம் பாருங்கள். கார் கையில் இருப்பதால் இது சாத்தியம். தீவில் விடுதிக்கும் விமானத்துக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டால் இப்படி மாற்றிக்கொள்வது சுலபமில்லை. நம் நாட்டு ஹேண்டிகேப் அட்டை (ஆட்டத் திறனைக் காட்டும் அட்டை) வைத்திருக்கும் உங்களுக்கு இங்கே பல இடங்களில் கிரீன் ஃபீயும் குறையும், அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். இங்கே பொழுது சாய்வது உங்கள் ஊரைவிட இருபது நிமிடம் முன்னால், ஜூலைத் தொடக்கத்தில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும். பதினெட்டு ஹோல் முடிக்க நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டரைக்குள் ஆரம்பித்தாக வேண்டும். தாமதமாகச் சாப்பிட்டு, பேசிக்கொண்டே கிளம்பும் கூட்டம் கடைசி மூன்று ஹோலை இருட்டில் விட்டுவிட்டுத் திரும்புவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஜூலை முதல் வாரத்தையும் தவிருங்கள். முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், விடுதி வாடகை எகிறிவிடும், ராயல் டர்பன் கோல்ஃப் மைதானமே கிரேவில் பந்தயத் திடலுக்கு நடுவில்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறைக் கூட்டமும் அந்த நேரம்தான். மாதத்தின் பின்பாதிக்கு வாருங்கள். ஆடி பிறந்திருக்கும், கல்யாணம் காட்சி எதுவும் இருக்காது, உங்களை யாரும் எந்த விசேஷத்துக்கும் இழுக்க மாட்டார்கள். சைவ நண்பருக்கும் கவலையில்லை. ஆடியில் நம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்தக் கடையிலும் பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி) கிடைக்கும். தென்கரை விடுதிகளில்தான் சைவத்துக்குக் கொஞ்சம் திண்டாட்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் சமையலறை உள்ள வீடாக எடுங்கள்.

முதல் பாதி உம்லாங்கா அல்லது பாலிட்டோவில் தங்கி, மவுண்ட் எட்ஜ்கோம், ஜிம்பாலி, பிரின்ஸஸ் கிராண்ட் என்று வடகரையை ஆடுங்கள். மவுண்ட் எட்ஜ்கோமில் ஆடும்போது நினைத்துக்கொள்ளுங்கள், அது கரும்புத் தோட்டமாக இருந்த மண். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் இந்த மாதிரித் தோட்டங்களில்தான் வேலை செய்தார்கள். இப்போதும் வடகரையில் கரும்பு வெட்டும் காலம் இதுவே. பக்கத்தில் வயலைக் கொளுத்தினால் கருஞ்சாம்பல் இழை இழையாக மிதந்து வந்து, குழி இருக்கும் கிரீன் புல்தரையில் விழும். குழியை நோக்கிப் பந்து உருளும் கோட்டில் கிடப்பதை அழுத்தித் துடைக்காதீர்கள், புல்லில் மை மாதிரி இழுபட்டுவிடும், ஊதிவிட்டாலே போதும். மறுபாதிக்குத் தென்கரை இறங்குங்கள்: பென்னிங்டனில் செல்போர்ன், உம்டோனி பார்க், இன்னும் தெற்கே சவுத்புரூம், சான் லமீர். முழங்கால் வலிக்காரருக்கு எல்லா இடத்திலும் கார்ட் சொல்லி வையுங்கள், கடலோர மணல் மேடுகள் பார்க்க அழகு, ஏறி இறங்கினால்தான் தெரியும்.

டர்பன் கன்ட்ரி கிளப்பில் ஒரு நாளாவது ஆடாமல் திரும்பாதீர்கள். வெளியாட்களை எந்த நாளில் விடுகிறார்கள் என்று முதலில் போன் செய்து கேளுங்கள். தென்னாப்பிரிக்க ஓபன் பலமுறை நடந்த இடம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நம் கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம் 1963இல் நட்டால் ஓபனை வென்றது இங்கேதான். கேடியாக (ஆடுகிறவர்களின் பை சுமப்பவராக) இருந்து, வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்துப் பிடிக்கும் தன் சொந்தப் பிடியில் ஆடி, 1959இலும் 1960இலும் ஹாலந்துக்குப் போய் டச்சு ஓபனை வென்றுவிட்டு வந்த மனிதர். இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை, வெள்ளையர்கள் உள்ளே இருக்க, வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் கேரி பிளேயரையே தோற்கடித்தார், அதற்கப்புறம் பெரிய போட்டிகளில் ஆடவே தடை போட்டார்கள். 1978இல் இறந்துவிட்டார். அந்தக் கட்டடத்தின் முன்வாசல் வழியாக நீங்கள் நான்கு பேரும் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டுக்கொள்கிறேன்.

மொரீஷியஸை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அக்டோபரில் மனைவிமாரோடு போங்கள், காற்று தணிந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், ஆட்டம் இரண்டு நாள், மீதி நாள் அவர்களுக்கு. அங்கே நம் கோயில்களில் வாழையிலையில் ஏழு கறியோடு பரிமாறும் சாப்பாடு கிடைத்தால் உட்கார்ந்து சாப்பிடாமல் வராதீர்கள்.

சாலை வழியாக வருவதானால் என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம். வான் ரீனன் கணவாயில் பனி விழும் என்று வானிலையில் சொன்னால் ஒரு நாள் தள்ளிக் கிளம்புங்கள், பாதையை மூடினால் லாரிகளுக்கு நடுவில் ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டிவரும்.

கேள்வி: அண்ணா, நான் பெனோனிக்காரன். போன வருஷம் டர்பனில் ஆடியபோது என் அடி எல்லாமே குறைந்துபோனது. செவன் அயர்ன் மட்டையில் 150 மீட்டர் அடிப்பேன், அங்கே அதற்குக் கிட்டக்கூட வரவில்லை. வயதாகிவிட்டதா?

– ஒரு வாசகர், பெனோனி

பதில்: வயது இல்லை தம்பி, காற்றுதான். உங்கள் பகுதி கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கும் மேலே, அங்கே காற்று மெல்லியது, பந்து தடையில்லாமல் பறக்கும். கடற்கரையில் காற்று அடர்த்தி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தூரம் போய்விடும். உங்கள் 150 இங்கே 135 ஆவது இயல்பு. ஒரு கிளப் பெரிதாக, அதாவது செவனுக்குப் பதில் சிக்ஸ் அயர்ன் எடுங்கள், எதிர்க்காற்று என்றால் இரண்டு கிளப் பெரிதாக. பலத்தைக் கூட்டி அடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சித் திடலில் ஒரு வாளி பந்து வாங்கி, ஒவ்வொரு கிளப்பும் எவ்வளவு போகிறது என்று ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.