கால் ஒல்லி, கம்பம் வழுக்குகிறது

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது, பெங்களூரில் ஐ.டி. வேலை. ஐந்து மாதமாகப் போல் டான்ஸ் வகுப்புக்குப் போகிறேன், நட்டு நிறுத்திய உலோகக் கம்பத்தில் ஏறி ஆடுகிற நடனம். கைப்பிடி பரவாயில்லை, ஆனால் கம்பத்தில் உட்கார்கிற ‘போல் சிட்’ மட்டும் வரவே இல்லை. கையை விட்ட உடனே சர்ரென்று கீழே வந்துவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கால் ஒல்லி, நேராக நின்றால் இரண்டு தொடையும் ஒட்டாது. “தொடையில் சதை இருந்தால்தான் பிடி வரும், ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு வா” என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். எனக்கோ என்ன சாப்பிட்டாலும் உடம்பு ஏறாது. விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: விடாதீர்கள். அந்த ஐந்து கிலோ யோசனையைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏறுகிற சதை எல்லாம் தொடையின் உள்பக்கமாகப் பார்த்துப் போய் உட்காராது, ஆனால் ஐந்து கிலோவையும் சேர்த்துத்தான் நீங்கள் கம்பத்தில் தாங்கியாக வேண்டும். வழுக்காமல் நிற்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: கால் எவ்வளவு அழுத்துகிறது, தோலும் உலோகமும் எவ்வளவு ஒட்டுகின்றன. எடை குறைந்தவருக்கு அந்த அழுத்தமும் குறைவாகவே தேவைப்படும். விழுப்புரத்தில் மல்லர் கம்பம் பழகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? விளக்கெண்ணெய் தடவிய மரக் கம்பம், அதைத் தொடையால் கவ்விக்கொண்டு கையை விரித்து நிற்பார்கள், பாதிப் பேருக்குக் கால் உங்களுடையதைவிட ஒல்லியாக இருக்கும்.

சதை குறைவாக இருப்பதில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எலும்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் மெத்தை இல்லை, அதனால் வலி கூடுதல். கம்பத்தில் படுகிற தோலும் குறைவு. பூசினாற்போல் தொடை உள்ளவர் கம்பத்தை ஒரு அங்குலம் தள்ளி வைத்தாலும் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, இடம் சரியாக அமைய வேண்டும். உங்களுக்கு வழுக்குவது அநேகமாக இதனால்தான், கம்பம் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும், அங்கே எலும்புதானே இருக்கிறது, எவ்வளவு நெருக்கினாலும் நிற்காது.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு கையாலும் தலைக்கு மேலே கம்பத்தைப் பிடித்துத் தொங்கி, முழங்கால்கள் இடுப்புக்கு மேலே வரும்படி காலை நன்றாகத் தூக்குங்கள். கம்பம் தொடையின் உச்சியில், கவட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இப்போது ஒரு தொடையை இன்னொன்றின் மேல் போடுங்கள், கணுக்காலை மட்டும் பின்னினால் உங்களுக்கு நடுவில் இடைவெளி விழும், தொடையே தொடை மேல் ஏற வேண்டும். அப்புறம் கையைத் தளர்த்தாமல் இடுப்பை மெதுவாகக் கீழே இறக்கி உட்காருங்கள். இறங்கும்போது தோல் கம்பத்தோடு ஒட்டி மேல்நோக்கி இழுபடும், சுரீர் என்று இருக்கும், அந்த இழுப்புதான் பிடி. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் வலிக்கிறதே என்று காலைத் தளர்த்திவிடுகிறார்கள், தளர்த்தினால் வழுக்கும், வழுக்கினால் தோல் தேய்ந்து இன்னும் எரியும். இறுக்கினபடியே இடுப்பைப் பக்கவாட்டில் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், கம்பம் தொடையின் குறுக்கே சாய்வாகப் போகும், படுகிற இடமும் நீளும். ஒல்லிக் காலுக்கு இந்தத் திருப்பல் பெரிய உதவி, நான் பழகின காலத்தில் இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. கையை ஒரேயடியாக விடாதீர்கள், முதலில் ஒரு கை, அதுவும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கீழே மெத்தை போட்டு.

ஏறும்போதும் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது என்று ஒல்லியானவர்கள் சொல்வார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அந்த எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு தசை புடைத்து வரும், கையை வைத்துத் தொட்டுப் பாருங்கள். கம்பம் அதில் பட வேண்டும், எலும்பின் கூர் மேல் படக் கூடாது. பாதம் தொளதொளவென்று இருந்தால் அந்தத் தசையும் இல்லை, பிடியும் இல்லை.

தோல் விஷயம். வகுப்பு இருக்கிற நாளில் காலில் எண்ணெய், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் எதுவும் வேண்டாம், முந்தின ராத்திரி தடவினதுகூடச் சிலருக்கு மறுநாள் வழுக்கும். குட்டை ஷார்ட்ஸ் போடச் சொல்வது அழகுக்காக இல்லை, துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரியில் தோலும் வறண்டுபோகும், கம்பமும் சில்லென்று இருக்கும், குளிர்ந்த கம்பத்தில் வறண்ட தோல் நிற்கவே நிற்காது. பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி லேசாக வியர்க்க விட்டு, கம்பத்தையும் ஒரு துணியால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கிவிட்டு ஏறுங்கள். உங்களுக்கு முன்னால் ஆடினவரின் வியர்வையும் அதில் இருக்கும், ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். கைக்குப் போடுகிற சாக் பொடி வியர்வையை உறிஞ்சுவதற்கானது, வறண்ட காலில் அதைப் போட்டால் இன்னும் மோசமாகும், காலுக்கென்று பிசுபிசுப்புத் தருகிற ஸ்பிரே தனியாக விற்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது, தொடையின் உள்தசைக்கு வேலை கொடுப்பது. உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்துப் பத்து நொடி நெருக்குங்கள், பத்து முறை. அது எளிதானதும், ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நாற்காலி மேல் வைத்து, அந்தக் காலாலேயே நாற்காலியை அழுத்தி இடுப்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். முதல் வாரம் நாலைந்து நொடி தாங்கினால் போதும். வாரம் மூன்று நாள், இரண்டு மாதம் விடாமல் செய்யுங்கள். கால் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் அழுத்தம் வேறு மாதிரி இருக்கும்.

தொடையில் நீலம் பாரித்தால் பயப்பட வேண்டாம், ஓரிரு வாரத்தில் மறையும். அந்த இடத்திலேயே மறுநாளும் ஏறாதீர்கள். மரத்துப்போனாலோ, கம்பம் படாத இடத்திலும் நீலம் வந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே கம்பம் வாங்கிப் பழகலாமா? எந்த அளவு வாங்குவது?
– வாசகி, சென்னை

பதில்: 45 மில்லிமீட்டர் விட்டம் வாங்குங்கள், போட்டிகளிலும் அதுதான் வழக்கம், நாளைக்கு எந்த வகுப்புக்குப் போனாலும் பழகினதாக இருக்கும். சென்னை வியர்வைக்கு க்ரோமைவிடப் பித்தளை நன்றாகப் பிடிக்கும், விலை கூடுதல், நிறம் மங்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிறுத்துகிற கம்பம் என்றால் மேலே கான்கிரீட் இருக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கில் நிறுத்தவே கூடாது. ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்னும் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.